பிலிகுண்டுலுவுக்கு ஒரு நியாயம், கொடியாளத்துக்கு ஒரு நியாயமா?

கர்நாடகத்திலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் இரண்டு பெரிய ஆறுகள் வருகின்றன. தென்மேற்கில் அஞ்செட்டி காட்டை ஒட்டிய பிலிகுண்டுலு வழியாகக் காவிரி வருகிறது. வடக்கே பாகலூர் பக்கம் கொடியாளம் வழியாகத் தென்பெண்ணை வருகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள், அது எல்லையை எப்போது தொடும் என்பதெல்லாம் தொலைக்காட்சிச் செய்தியிலேயே வந்துவிடுகிறது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரும் மீன் வறுத்து விற்பவரும் அதைக் கேட்டுத்தான் மறுநாள் பிழைப்பைத் திட்டமிடுகிறார்கள். தண்ணீர் வந்து சேரும் முன்பே குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை என்று தருமபுரி ஆட்சியரின் உத்தரவு வந்துவிடும்.

தென்பெண்ணைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு, பெங்களூரின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளின் மழைநீரையும் சாக்கடையையும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வாங்கிக்கொண்டு ஓசூருக்கு வருகிறது. முதலில் சேருமிடம் கெலவரப்பள்ளி அணை. அங்கே ஷட்டரைத் திறந்தால் மலை மலையாக நுரை பொங்குகிறது. நந்திமங்கலம் தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை நிறுத்துகிறது. பெங்களூரில் பெருமழை பெய்திருக்கிறது என்பதை நம் கிராமத்து மக்கள் பல நேரங்களில் இந்த நுரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலையும் யெமலூரும் மூழ்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த வெள்ளம் வடிந்து வந்த பாதை இந்த ஆறுதான். அதை யாரும் ஓசூரின் செய்தியாகப் பார்க்கவில்லை.

இரண்டு ஆறும் நுழையும் மாவட்டம் ஒன்று, அதன் ஆட்சியர் ஒருவர், மேலே இருக்கும் மாநிலமும் ஒன்றுதான். அப்படியிருக்க ஓர் ஆற்றுக்கு முன்னறிவிப்பு இருக்கிறது, மற்றோர் ஆற்றுக்கு நுரைதான் அறிவிப்பு. காவிரியில் முறையான கணக்கு வந்ததற்குக் காரணம் பேரிடர் பற்றிய அக்கறை அல்ல. பல்லாண்டு வழக்கும், நடுவர் மன்றமும், மேலாண்மை ஆணையமும் சேர்ந்து அந்தக் கணக்கைக் கட்டாயமாக்கின. எந்தத் தகவலை யார் யாருக்கு எப்போது தர வேண்டும் என்று எழுதி வைத்தால் அரசு அலுவலகங்கள் ஒருங்கிணைந்து செயல்படும். எழுதி வைக்காவிட்டால் அவரவர் நல்ல மனசைப் பொறுத்துத்தான் நடக்கும். நடுராத்திரி வெள்ளத்தில் நல்ல மனசை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது.

அப்படியொரு வெள்ளத்தை நாம் பார்த்தும்விட்டோம். 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் இதே மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டர் மழை பதிவானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓராண்டு சராசரி மழையே 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டுவதுதான். வறட்சிக்கும் ராகிக்கும் மாம்பழத்துக்கும் பெயர் போன மண்ணில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று, பிறகு உள்நாட்டுக்குள் மெல்ல ஊர்ந்து வந்ததன் விளைவு அது. புயல் என்றால் கடலூரும் நாகப்பட்டினமும்தான் என்று பழகிவிட்ட நம் நிர்வாகம், கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்கும் தாலுகாவில் அதை எதிர்பார்க்கவில்லை.

அன்று காலை கைபேசிகளில் பரவிய காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பரசன் ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் நெடுஞ்சாலையிலேயே ஆறாக ஓடியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஒன்றன் மேல் ஒன்றாக மோதிக்கொண்டு சரிவில் அடித்துச் செல்லப்பட்டன. அவற்றில் பல வாடகை வண்டிகள். கடன் வாங்கி, மாதத் தவணை கட்டி, சபரிமலை சீசனை நம்பியிருந்த ஓட்டுநர்களின் ஒரே சொத்து.

அந்தச் சாலையில் நின்று யோசித்தால் நம் நிர்வாகத்தின் வரைபடம் கண்ணுக்குத் தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலை ஒரு துறையின் கையில் இருக்கிறது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஏரி கோடி போகும் வாய்க்கால் வருவாய்த் துறையின் புறம்போக்குக் கணக்கில் இருக்கும். அந்த வாய்க்கால் ஊருக்குள் நுழைந்ததும் உள்ளாட்சியின் மழைநீர் வடிகாலாகிவிடும். சாலையைக் கடக்கும் இடத்தில் இருக்கும் சிறுபாலம் நெடுஞ்சாலைக்காரர்களுடையது. தண்ணீருக்கு இந்தப் பாகப்பிரிவினை எதுவும் தெரியாது. ஒரே மேட்டிலிருந்து ஒரே பள்ளத்துக்கு அது ஓடுகிறது. மேலே இருக்கும் சங்கிலித் தொடர் ஏரிகளில் ஒன்று உடைந்தால் அடுத்தது தாங்காது என்பது ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேல் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கும் கீழ் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கும் இடையே ஆண்டுக்கு ஒரு ஆய்வுக் கூட்டம்தான் பாலம்.

சாலையை மேம்படுத்தும்போது சிறுபாலத்தின் அகலத்தை யார் கணக்கிட்டது, எந்த மழையை வைத்துக் கணக்கிட்டது, ஏரியின் கலிங்கில் வழியும் அளவை நீர்வளத் துறையிடம் கேட்டார்களா? இந்தக் கேள்விகளை வெள்ளம் வடிந்த பிறகு கேட்பதில் பயனில்லை. வரைபடம் மேசையில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

ஊத்தங்கரையில் பெய்த மழை அங்கேயே நின்றுவிடவில்லை. பாம்பாறு அதைத் தென்பெண்ணையில் சேர்த்தது. தருமபுரி மாவட்டத்து அரூரிலும் அதே இரவு கனமழை. எல்லாமும் சாத்தனூர் அணையில் போய் முட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வெளியேற்றப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் தூக்கத்திலேயே தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டன. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. அகரம்பள்ளிப்பட்டு - தொழுவந்தாங்கல் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. எச்சரிக்கை இல்லாமல் நள்ளிரவில் திறந்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. படிப்படியாக, பலமுறை எச்சரித்த பிறகே திறந்தோம் என்று அரசு விளக்கம் தந்தது.

இந்த வாதம் சட்டமன்றத்தோடு முடிந்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி இன்னும் மேலே இருக்கிறது. சாத்தனூரின் உண்மையான எச்சரிக்கை மணி சாத்தனூரில் இல்லை. அது ஊத்தங்கரை மழைமானியிலும், பாம்பாறு அணையிலும், கிருஷ்ணகிரி அணை எனப்படும் கே.ஆர்.பி. அணையிலும் இருக்கிறது. மேலே மணிக்கு மணி எவ்வளவு பெய்கிறது என்பது முதல் நாள் மாலையிலிருந்தே சாத்தனூருக்கு வந்துகொண்டிருந்தால், அணையில் முன்கூட்டியே இடம் உண்டாக்கியிருக்க முடியும். சிறு அளவில், பகல் வெளிச்சத்திலேயே திறந்திருக்கலாம். கெலவரப்பள்ளியும் கே.ஆர்.பி.யும் தருமபுரியில் இருக்கும் மேல்பெண்ணையாறு வடிநிலக் கோட்டத்தின் பொறுப்பு. சாத்தனூரோ திருவண்ணாமலையில் இருக்கும் மத்திய பெண்ணையாறு வடிநிலக் கோட்டத்துடையது. ஒரே துறைதான், கோட்டம் வேறு, மாவட்டம் வேறு, ஆட்சியரும் வேறு.

ஒரு மழை ராத்திரியில் தகவல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அணையில் இருக்கும் லஸ்கர் டார்ச் அடித்து அளவுகோலைப் படிக்கிறார். உதவிப் பொறியாளருக்குப் போன் போடுகிறார். அவர் உதவி செயற்பொறியாளருக்கு, அவர் செயற்பொறியாளருக்கு. அங்கிருந்து ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை. அங்கிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், கடைசியில் கிராம உதவியாளர். அவர்தான் இருட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியோடு ஆற்றங்கரைத் தெருவுக்குப் போகிறார். இந்த ஏணியில் எந்தப் படியில் போன் எடுக்கவில்லை என்றாலும், எந்தப் படியில் சார்ஜ் தீர்ந்தாலும், கடைசி மனிதருக்குச் செய்தி போகாது. தகவல் மேலே ஏறி, மறுபடி கீழே இறங்குகிறது. ஆறோ நேராகப் போகிறது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இந்த ஏணியைத்தான் சட்டமாக்கியது. தேசிய ஆணையத்துக்குப் பிரதமர், மாநில ஆணையத்துக்கு முதல்வர், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். ஆட்சியருக்கு நிறைய அதிகாரம் இருக்கிறது: வாகனத்தை, கட்டடத்தை, கருவிகளைக் கையகப்படுத்தலாம், எந்தத் துறைக்கும் உத்தரவிடலாம். ஆனால் அந்த அதிகாரம் ஜூஜூவாடி சோதனைச் சாவடியோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் ஆனேக்கல் தாலுகா. பெங்களூரு நகர மாவட்டம். கிழக்கே தள்ளினால் மாலூர், கோலார் மாவட்டம். இன்னும் கிழக்கே ஆந்திரத்தின் சித்தூர். மாநிலங்களுக்கு இடையிலான ஒருங்கிணைப்பை மத்திய அரசின் வேலையாகச் சட்டம் வைத்திருக்கிறது. ஆக, கிருஷ்ணகிரி ஆட்சியரின் கவலை முறைப்படி கோலார் ஆட்சியரைச் சேர வேண்டுமானால் சென்னை, டெல்லி, பெங்களூரு என்று சுற்ற வேண்டும். நடைமுறையில் அதிகாரிகள் போனில் பேசிக்கொள்வார்கள்தான். நான் சொல்வது, அந்தப் போன் அழைப்பு தனிப்பட்ட பழக்கமாக இருக்கக் கூடாது, கடமையாக இருக்க வேண்டும் என்பது. பழக்கம் இடமாறுதல் உத்தரவோடு போய்விடும்.

தகவல் இல்லாமலா இந்த நிலை? இருக்கிறது. கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் 1988இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவாகத் தொடங்கி, இன்று கிராமப் பஞ்சாயத்துதோறும் தானியங்கி மழைமானி வைத்திருக்கும் நிறுவனம். இந்தியாவில் இவ்வளவு அடர்த்தியான மழைமானி வலை வைத்திருக்கும் மாநிலங்கள் மிகக் குறைவு. தமிழ்நாடும் 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் என்று திட்டமிட்டு நிறுவத் தொடங்கியது. வர்த்தூரிலும் சர்ஜாபூரிலும் மாலூரிலும் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது பெங்களூரில் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் திரை ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகத்திலும் கெலவரப்பள்ளி அணை அலுவலகத்திலும் கட்டாயமாக எரிய வேண்டும். தொழில்நுட்பம் இதற்குத் தடையே அல்ல.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. தென்பெண்ணை வழக்கில் இருக்கும் ஆறு. 1892ஆம் ஆண்டின் சென்னை - மைசூர் ஒப்பந்தத்தைக் காட்டி, அதில் சேரும் மார்க்கண்டேய நதியில் யார்கோல் அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் தடை கேட்ட மனு தள்ளுபடியானது. தமிழ்நாடு தீர்ப்பாயம் கேட்டது. இந்தச் சண்டையில் நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வழக்கு நடக்கும் ஆற்றில் ஒவ்வொரு எண்ணும் சாட்சியமாகிவிடும் என்ற பயம் இரு பக்கப் பொறியாளர்களுக்கும் வந்துவிடுகிறது. இன்றைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நாளை வக்கீல் அதை எடுத்துப் படிப்பார் என்ற தயக்கம். பங்கீட்டுக் கணக்கு வேறு, வெள்ள எச்சரிக்கை வேறு. எச்சரிக்கைக்காகத் தரும் தகவலைப் பங்கீட்டு வழக்கில் எவரும் பயன்படுத்துவதில்லை என்று இரு மாநிலங்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் இந்தத் தயக்கம் போய்விடும்.

இது நடக்காத காரியமா என்று கேட்பவர்களுக்கு மூன்று உதாரணம். 2019 ஆகஸ்டில் கிருஷ்ணா வெள்ளத்தில் சாங்லியும் கோலாப்பூரும் மூழ்கின. ஆலமட்டி அணைதான் காரணம் என்று மகாராஷ்டிரமும், இல்லை என்று கர்நாடகமும் மோதிக்கொண்டன. அதே இரு மாநிலங்கள் 2021 ஜூனில் பெங்களூரில் உட்கார்ந்து பேசி, அணைகளின் நீர்மட்டத்தையும் திறப்பையும் உடனுக்குடன் பகிர்ந்துகொள்ள முடிவெடுத்தன. பிரம்மபுத்திராவின் மழைக்கால நீர்மட்டத்தைச் சீனா இந்தியாவுக்குத் தருவதற்கு 2002இல் ஒப்பந்தம் போட்டார்கள். 2017இல் டோக்லாம் பதற்றத்தின்போது அந்தத் தகவல் வரவில்லை, அஸ்ஸாமில் எழுந்த கவலை சிறியதல்ல. 2025இல் சிந்து ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்த பிறகும், ஆகஸ்டில் தாவி ஆற்றில் வெள்ளம் வரப்போகிறது என்று இந்தியா மனிதாபிமான அடிப்படையில் தூதரகம் வழியாகப் பாகிஸ்தானுக்குச் சொன்னது. பகை நாட்டுக்குச் சொல்ல முடிந்ததை ஆனேக்கல்லிலிருந்து ஓசூருக்குச் சொல்ல ஏன் முடியாது?

வனத்துறையைப் பாருங்கள். ஆண்டுதோறும் ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று இறங்குகிறது. யானைக்கு எல்லை கிடையாது என்பதை ஏற்றுக்கொண்டு இரு மாநில வன ஊழியர்களும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் வனக்காவலர்கள் ஊர் ஊராக மைக் கட்டி, இரவில் தோட்டத்துக்குப் போகாதீர்கள் என்கிறார்கள். யானை வழித்தடத்துக்குக் கிடைத்த கவனம் வெள்ள வழித்தடத்துக்கும் வேண்டும்.

ஓசூர் இன்று வெறும் எல்லை ஊர் அல்ல. சிப்காட்டின் இரண்டு தொகுதிகள், சுற்றிலும் சூளகிரி, குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி வரை நீண்டுவிட்ட தொழிற்பேட்டைகள், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் எழுந்த மின்னணு ஆலை. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பிள்ளைகள் தகரக் கொட்டகைகளிலும் ஐந்தாறு பேர் சேர்ந்த வாடகை அறைகளிலும் இருக்கிறார்கள். வாடகை குறைந்த இடம் பெரும்பாலும் தாழ்வான இடம்தான். ஏரிக்கரைக்குக் கீழே, ராஜகால்வாய் ஓரத்தில். தமிழில் மட்டும் வரும் அறிவிப்பு அவர்களுக்குப் புரியாது. பல பேரிடம் கர்நாடக சிம் இருக்கிறது. எல்லையோரத்தில் தமிழ்நாட்டு சிம்கூட அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துவிடும். மூக்கண்டப்பள்ளியில் நின்று 112 அடித்தால் மணி எந்த மாநிலத்தின் அறையில் அடிக்கிறது? ஒத்திகை என்ற பெயரில் ஸ்ட்ரெச்சரில் ஆளைப் படுக்க வைத்துப் படம் எடுப்பதற்குப் பதில், இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிப்காட் பகுதிக்கான எச்சரிக்கை தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா ஐந்திலும் போக வேண்டும். ஷிப்ட் பஸ் ஓட்டுநர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கூட்டிவரும் மேஸ்திரிகள், விடுதிக் காவலாளிகள் வழியாகப் போக வேண்டும். அந்த மக்களைச் சேர்வது அவர்கள்தான்.

ஆலைக்குள் வெள்ளம் புகுந்தால் வெள்ளம் மட்டும் அல்ல. முலாம் பூசும் தொட்டிகள், அமிலம், கரைப்பான், எரிவாயு. ரசாயன விபத்துகள் தொடர்பான 1996ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட நெருக்கடிக் குழு, உள்ளூர் நெருக்கடிக் குழு என்று தனி அமைப்பே இருக்கிறது. அதற்கும் தலைமை ஆட்சியரும் கோட்ட அளவிலான நிர்வாக நடுவருமே. ஒரே நாற்காலி, இரண்டு கோப்பு. வெள்ளத்துக்கான திட்டத்தில் ரசாயனப் பக்கம் இல்லை என்றால், ரசாயனத் திட்டத்தில் வெள்ளப் பக்கம் இல்லை என்றால், அன்றைக்குத் தீயணைப்பு வீரர்தான் எது கலந்த தண்ணீர் என்று தெரியாமல் அதில் இறங்குவார்.

அத்திப்பள்ளியை மறந்துவிடக் கூடாது. 2023 அக்டோபர் 7ஆம் தேதி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தன. இறந்தவர்கள் 14க்கும் மேல்; பெரும்பாலோர் பண்டிகைக்கால வேலைக்குப் போன தருமபுரி உள்ளிட்ட தமிழ்நாட்டு மாவட்டங்களின் இளைஞர்கள். விபத்து கர்நாடகத்தில், வீடு தமிழ்நாட்டில். இங்கே எந்த ஆபத்தும் ஒரு மாநிலத்தோடு நிற்பதில்லை.

வாய்ப்பு ஒன்று வந்திருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 2025இல் செய்த திருத்தம், மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனியே நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு வழி தருகிறது. மாநகராட்சி ஆணையர் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். ஓசூர் 2019 முதல் மாநகராட்சி. இங்கே அமையும் ஆணையம் மற்ற நகரங்களின் நகலாக இருந்தால் அதனால் பயன் இல்லை. மேல்பெண்ணையாறு கோட்டப் பொறியாளர், தொழிலகப் பாதுகாப்பு இயக்கக அதிகாரி, தேசிய நெடுஞ்சாலை அதிகாரி ஆகியோர் அதில் இருக்க வேண்டும். ஆனேக்கல், மாலூர் வட்டாட்சியர்களும் அழைப்பாளர்களாக அதில் உட்கார வேண்டும். அவர்களுக்கு வாக்குரிமை வேண்டாம். கைபேசி எண்ணும், மழை அளவைத் தர வேண்டிய கடமையும் போதும்.

பெஞ்சலுக்குப் பிறகு மத்திய அரசு மாநிலப் பேரிடர் நிதியில் தன் பங்காக 944.80 கோடி ரூபாயை விடுவித்தது; மாநில அரசு கேட்டதோ இடைக்காலமாக மட்டும் 2,000 கோடி. பணத்துக்கான இந்த இழுபறி ஒவ்வொரு புயலுக்கும் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. கொடியாளத்தில் பிலிகுண்டுலுவைப் போல நம்பகமான ஓர் அளவு நிலையம், மத்திய நீர் ஆணையத்தின் கையில். இரு மாநில மழைமானிகளும் ஒரே திரையில். கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி., பாம்பாறு, சாத்தனூர் நான்குக்கும் ஒரே கட்டுப்பாட்டு அறை. மழைக்காலத்தில் இரவிலும் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஒரு மூத்த பொறியாளர். ஊத்தங்கரை ஏரிச் சங்கிலிக்கு, எந்தத் துறையுடையது என்று பார்க்காமல், கோடி முதல் சிறுபாலம் வரை ஒரே அளவைப் படம்.

தமிழ்நாடு, கர்நாடகத் தலைமைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீர்ப்பாயம் எப்போது என்ன சொல்லுமோ, அதற்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, கிருஷ்ணகிரி, பெங்களூரு நகர, கோலார் ஆட்சியர்கள் மூவரையும் ஓசூரில் ஒரு நாள் உட்கார வையுங்கள். வெள்ளத் தகவலைப் பகிர்வது கட்டாயம், அது வழக்குக்கு ஆதாரமாகாது என்று இரண்டே வரியில் ஓர் உத்தரவில் கையெழுத்திடுங்கள். தென்பெண்ணைக் கரையில் கொடியாளம் முதல் கடலூர் வரை இருப்பவர்களுக்கு இந்த இரண்டு வரி போதும்.